மூன்றாம் மாடி வீட்டின் தண்ணீர் வால்வு

அவளை எல்லோரும் காலிவீட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது; அது அடையாள அட்டையில் சும்மா படுத்துக் கிடந்தது. வாடகை வீட்டை ஒருவர் காலி செய்து போனபின், அடுத்தவர் குடிவருவதற்கு முன்னால், நடுவில் ஒரு நாள் இருக்கிறதல்லவா, அந்த ஒரு நாள் அந்த வீடு அவளுடையது. துடைப்பம், வாளி, பழைய துணி நாலு, ஆசிட் பாட்டில் ஒன்று. இவ்வளவுதான் அவள் சீர்வரிசை.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. உள்ளறையில் தொடங்கி வாசலில் முடிக்க வேண்டும். துடைத்துக்கொண்டே பின்னால் பின்னால் நகர்ந்து, கடைசியாக வாசற்படியைத் துடைத்துவிட்டு, வெளியே நின்றபடி கதவைச் சாத்த வேண்டும். துடைத்த தரையில் துடைத்தவள் கால் படக்கூடாது. இருபது வருஷத்தில் முந்நூறு வீடாவது துடைத்திருப்பாள். எந்த வீட்டிலும் தொடங்குவதற்கு முன் நடு அறையில் நின்று கண்ணை மூடி, "கடவுளே, இங்க வரப்போறவங்களுக்கு நோய்நொடி குடுக்காதே, சண்டை சச்சரவு குடுக்காதே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் துடைப்பத்தை எடுப்பாள். வரப்போகிறவர்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரிந்தால் போதுமே.

வேலை கொடுப்பவர் சாவியண்ணன். வீட்டுத் தரகர். இடுப்பில் வளையம் நிறையச் சாவி தொங்கும். தெருமுனையில் வரும்போதே சத்தம் வந்துவிடும், ஆள் பின்னால் வருவார். வீட்டுக்காரர்கள் அவரிடம் சாவி கொடுப்பார்கள், அவர் இவளிடம் கொடுப்பார். அதனால் இவளுக்கு வீடுகளைத் தெரியும், வீட்டுக்காரர்களைத் தெரியாது. அவர்களுக்கும் இவளைத் தெரியாது. தரை பளபளவென்று இருந்தால், யார் துடைத்தது என்று எவர் கேட்கப்போகிறார்?

அவளுக்கு ஒரே மகள். பெண் வயிற்றில் இருக்கும்போதே வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பிய தகப்பன், வேலையைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறானோ என்னவோ, திரும்பவில்லை. பெண் படிப்பில் சூட்டிகை. நகரத்தின் நடுவில் இருக்கும் கல்லூரியில், ரத்தத்தைப் பரிசோதித்து நோய் சொல்கிற படிப்பு. இரண்டு வருஷம் விடுதியில் இருந்தாள். மூன்றாம் வருஷம் விடுதி கிடையாது, புதுப் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும், வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். அந்த வருஷம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி. காலை ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டும், இரண்டு நாள் பிந்தினால் பேரை அடித்துவிடுவார்கள். அம்மா இருப்பதோ ஊர்க்கோடியில், நான்கு குடும்பத்துக்கு ஒரு குளியலறை உள்ள வரிசையில் ஒற்றை அறை. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர இரண்டரை மணி நேரம். முதல் பஸ்ஸே ஐந்தரைக்குத்தான்.

ஆக, மாதம் முடிவதற்குள் ஆஸ்பத்திரிப் பக்கத்தில் ஒரு வீடு பிடித்தாக வேண்டும். வீடு இல்லையென்றால் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லையென்றால் படிப்பு இல்லை. கூடப் படிக்கும் ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டாள். உயரமான பெண்; நெட்டை என்றுதான் மகள் கூப்பிடுவாள். அவளைப் பெற்றவர்கள் தொலைதூர ஊரில். பெரியம்மா ஒருத்தி மட்டும் இந்த நகரத்தில் ஏதோ அலுவலகத்தில் இருந்தாள், அவளுக்கு நேரமில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி, "பெரியவங்க யாரும் வரலையா?" அதனால் இரண்டு பெண்களுக்கும் பெரியவளாகக் காலிவீட்டக்கா கூடப் போனாள். சாவியண்ணன் தரகுகூட வேண்டாம் என்றுவிட்டார். "உன் பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதான்கா. வா, வீட்டைக் கட்டிப்பார்னு சொன்னவன், வாடகைக்குத் தேடிப்பார்னு சொல்ல மறந்துட்டான். நாம பாத்துடுவோம்."

பார்த்தார்கள். முதல் வீட்டுக்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். "கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்குக் குடுக்கிறதில்லை."

"ஆனவங்களுக்கு?" என்றார் சாவியண்ணன்.

"குழந்தை குட்டின்னு சத்தம் வரும். குடுக்கிறதில்லை."

"அப்ப யாருக்குத்தான் சார் குடுப்பீங்க?"

"அமைதியா இருக்கிறவங்களுக்கு."

படி இறங்கும்போது சாவியண்ணன் முணுமுணுத்தார்: "பொணத்தைத்தான் கூட்டிட்டு வரணும். அதுவும் ஆவியா நடமாட மாட்டேன்னு எழுதிக் குடுத்தாத்தான்." பெண்கள் சிரித்தார்கள். அன்றைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது, சிரிப்பு வந்தது.

இரண்டாவது வீட்டில் புது வெள்ளை அடித்து மணமாக இருந்தது. மகளுக்குப் பிடித்துவிட்டது. காலிவீட்டக்கா ஒரு மூலையில் போய்ச் சுவரை நகத்தால் லேசாகச் சுரண்டினாள். பெயிண்ட் ஈர அப்பளம் போல உரிந்து வந்தது. "பாப்பா, இது வேணாம். மழை வந்தா இந்தச் சுவர் அழும். நான் வாளி வாளியா பிழிஞ்சிருக்கேன்" என்று காதில் சொன்னாள். மூன்றாவதில் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வரும். நான்காவதில் மேலே எலி, கீழே குடிகாரன்.

"அம்மா, உனக்குத் தெரியாத வீடே இந்த ஊர்ல இல்லையா?" என்று மகள் கேட்டாள். கேலிதான். ஆனால் குரலில் ஒரு முள் இருந்தது. நல்ல வீடு என்று அம்மா சொன்னதை வீட்டுக்காரர் தரமாட்டேன் என்றார். வீட்டுக்காரர் தருகிறேன் என்றதை அம்மா வேண்டாம் என்றாள். நாள் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

நாலு நாள் பாக்கி இருக்கும்போது சாவியண்ணன் ஓடி வந்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரம். மூன்றாம் மாடி. இரண்டு அறை. வீட்டுக்காரர் பல் டாக்டர், படிக்கிற பெண்களுக்குத் தரலாம் என்று தானாகவே சொல்லியிருக்கிறார். எந்தக் கட்டிடம் என்று கேட்டதும் காலிவீட்டக்காவுக்கு முகம் மலர்ந்தது. "நல்ல வீடு. காத்து வரும். காலையில வெயில் சமையல்கட்டு வரைக்கும் வரும். ரெண்டு தடவை துடைச்சிருக்கேன்."

மகள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவைத் தனியே இழுத்துப் போனாள்.

"அம்மா, அங்க வந்து எதையும் தொடாதே. சுவரைச் சுரண்டாதே. குனிஞ்சு பாக்காதே. சும்மா நில்லு, போதும்."

"கையைக் கட்டிட்டு நிக்கிறேன்டி."

"கையைக் கட்டிட்டு நின்னா வேலைக்காரங்க மாதிரி இருக்கும். இந்தா, இதைப் பிடிச்சுக்க." தன் கைப்பையைக் கொடுத்தாள். அதில் ஒன்றும் இல்லை. "என்ன வேலைன்னு கேட்டா, வீட்டுப் பராமரிப்புன்னு சொல்லு. பொய் இல்லையே."

பொய் இல்லைதான். பொய் சொன்ன வாயோடு போய்க் கடவுள் முன்னால் நிற்க அவளுக்கு வராது. மகளுக்கு அது தெரியும். அதனால்தான் பொய்யில்லாத ஒன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். படித்த பிள்ளை.

பல் டாக்டர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்த்துப் பேசுவார், தொழில் பழக்கம். மகளுக்கு நல்ல பல்வரிசை. "வாங்கம்மா, வாங்க. நீங்கதான் தாயாரா? பொண்ணை நல்லா வளத்திருக்கீங்க" என்றார். காலிவீட்டக்கா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கட்டிடத்தின் முன்வாசல் வழியாக அவள் ஏறி வந்தது அன்றைக்குத்தான். அங்கே வேலைக்காரர்கள் பின்பக்க இரும்புப் படியில்தான் ஏறவேண்டும்.

அறைகளைக் காட்டினார், ஜன்னலைக் காட்டினார். பெண்கள் கண்ணாலேயே படுக்கையைப் போட்டு, புத்தகத்தை அடுக்கிவிட்டார்கள். கடைசியாகச் சமையலறைக்கு வந்து, "தண்ணி இருபத்து நாலு மணி நேரமும்" என்று குழாயைத் திறந்தார்.

புஸ் என்று காற்றுதான் வந்தது.

குளியலறையில் திறந்தார். அங்கேயும் புஸ். காவலாளிக்குப் போன் போட்டார். தொட்டி நிறைந்து வழிகிறது என்றான் அவன். டாக்டருக்குக் காது சிவந்துவிட்டது. "போன குடித்தனம் போனதிலேர்ந்து மூடிக்கிடக்கு... எங்கயோ வால்வு இருக்கு, எங்கன்னுதான் தெரியல. சரி, நாளைக்குப் பிளம்பரை வரச்சொல்றேன். அப்புறம் பாருங்க. அதுக்குள்ள இன்னொரு பார்ட்டியும் வராங்க, அவங்களையும் பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

மகள் முகம் செத்துவிட்டது. நெட்டை விரலை மடக்கி நாளை எண்ணினாள்.

காலிவீட்டக்காவுக்கு அந்த வால்வு எங்கே என்று தெரியும். போன வருஷம் அதைத் தேடி அரைமணி நேரம் தூசியில் தவழ்ந்திருக்கிறாள். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில், சுவரோடு பதித்த அலமாரிக்கு அடியில், கைப்பிடி உடைந்து ஒரு திருகு மட்டும் மிஞ்சிக் கிடக்கும். சும்மா நில்லு, எதையும் தொடாதே என்று மகள் சொன்னது காதில் இருந்தது. ஆனால் காதுக்கும் கைக்கும் நடுவில் இருபது வருஷம் இருந்தது. கைப்பையை மேடையில் வைத்தாள். பின்னால் போனாள், மண்டியிட்டாள், வலது கையைத் தோள் வரைக்கும் உள்ளே விட்டு, தன் அறைச் சாவியை அந்தத் திருகில் கொடுத்து இடப்பக்கமாக ஒரு சுற்று, அரைச் சுற்று. கடகடவென்று குழாய் இருமியது. பழுப்புத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர். பக்கத்துக் குழாயில் வந்த தண்ணீரைக் கையில் ஏந்தித் தரையில் ஊற்றி, அது சாக்கடைத் துளைக்கு நேராக ஓடுகிறதா என்றும் பார்த்துவிட்டாள். அதுவும் பழக்கம்தான்.

எழுந்து திரும்பினால், நாலு பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"அட!" என்றார் டாக்டர். "எங்க வீட்டம்மாவுக்கே தெரியாதும்மா இது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்காவுக்குக் குழாய்னா உசுரு சார்" என்று சாவியண்ணன் இடையில் பாய்ந்தார். சாவிகள் எல்லாம் குலுங்கின.

"இல்லையே, நேரா போய்க் கையை விட்டாங்களே. இதுக்கு முன்னாடி இங்க குடியிருந்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"பின்ன?"

மகள் அவளைப் பார்த்தாள். குழந்தையாக இருக்கையில் காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது பார்த்த அதே பார்வை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் இருந்தால் அன்றைக்கு மறைத்திருப்பாள். இல்லை.

"நான்தான் சார் துடைச்சேன். போன வருஷமும், அதுக்கு முந்தின வருஷமும்."

டாக்டர் கோபப்படவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முதல்முறையாக அவள் வாயைப் பார்க்காமல் கையைப் பார்த்தார், மேடையில் இருந்த கைப்பையைப் பார்த்தார். அதை எடுத்து அவரே அவளிடம் நீட்டினார்.

"நீயா அது? நல்லாத்தான் துடைச்சிருந்தே" என்றார். நீங்கள் என்பது நீ ஆகிவிட்டது. அவர் அறியாமலேயே ஆகியிருக்கும்.

பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. நான் பல் புடுங்கிறவன், எல்லார் பல்லும் எனக்கு ஒண்ணுதான். ஆனா இந்தக் கட்டிடத்துல சங்கம்னு ஒண்ணு இருக்கு. இவங்களை வாளியோட பின்படியில பாத்தவங்க இருக்காங்க. வேலை செய்யறவங்க பொண்ணு முன்வாசல்ல குடியிருக்குன்னு தெரிஞ்சா, எதிர்வீட்டம்மா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. ஒண்ணு செய்யலாம். இந்தப் பொண்ணோட பெரியம்மா இந்த ஊர்ல இருக்காங்கன்னு தரகர் சொன்னாரே, அவங்க வந்து கையெழுத்துப் போடட்டும். நீ அவங்களுக்கும் பொண்ணு மாதிரி. உங்கம்மா யாரு என்னன்னு இங்க யார்கிட்டயும் பேச்சு வேணாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். மகள் ஜன்னலைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம் காலிவீட்டக்கா காத்திருந்தாள். வேண்டாம் சார் என்று ஒரு வார்த்தை வந்தால், இல்லடி, எடுத்துக்க, என்று தானே சொல்லிச் சம்மதிக்க வைத்திருப்பாள். அந்த வார்த்தை வரவில்லை. அது வராததைப் பிறர் கவனிப்பதற்குள் இவளே முந்திக்கொண்டாள்.

"சரிங்க சார். அப்படியே செஞ்சிடலாம்."

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். நெட்டைதான் கடைசியில், "ஆன்ட்டி, அந்த வால்வைத் திறந்தீங்க பாருங்க, செமை" என்றாள். நல்ல பெண், எதையாவது சொல்ல வேண்டும் என்று சொன்னாள். இத்தனை நாள் தன் தோழியின் அம்மா ஏதோ வீட்டுக் கம்பெனியில் மேற்பார்வை என்று நினைத்திருக்கிறாள் என்பது அவள் கண்ணில் இன்னும் மாறாத வியப்பில் தெரிந்தது.

"நான்தான் எதையும் தொடாதேன்னு சொன்னேன்ல" என்றாள் மகள்.

"தண்ணி வரலைன்னா வீடு கையை விட்டுப் போயிடுமேன்னுதான் கண்ணு..."

"வீடு போகலை" என்றாள் மகள். பஸ் வந்தது.

இரண்டு நாள் கழித்துச் சாவியண்ணன் போன் செய்தார். பெரியம்மா கையெழுத்துப் போட்டாகிவிட்டது. நாளை குடிவருகிறார்கள். வீட்டைத் துடைக்க வேண்டும். "வேற ஆளை அனுப்பறேன்கா. நீ வேணாம். எனக்கே நெஞ்சு கேக்கலை."

"என் பொண்ணு படுக்கிற தரையை வேற எவ துடைப்பா?" என்றாள். "சாவியைக் குடுங்க."

மறுநாள் விடிந்ததும் பின்பக்க இரும்புப் படியில் வாளியோடு ஏறினாள். நடு அறையில் நின்று வழக்கம்போலக் கண்ணை மூடினாள். முந்நூறு வீட்டில் தடங்கலில்லாமல் வந்த ஜெபம் அன்றைக்கு வரவில்லை. வரப்போகிறவர்களுக்கு என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிட்டது. கடவுளுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அப்படித் துடைத்தாள்! ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் துணியால் உருவினாள். கழிவறையைக் கையாலேயே தேய்த்தாள். அலமாரித் தட்டில் பழைய குடித்தனம் ஒட்டிவிட்டுப் போன காகிதத்தைச் சுடுநீர் விட்டு ஊறவைத்து எடுத்தாள். மதியம் வாசற்படிக்கு வந்துசேரும்போது லிஃப்ட் திறந்தது.

முன்னால் ஒரு அம்மா, நல்ல உடை, கண்ணாடி; அதுதான் பெரியம்மா. பின்னால் நெட்டை, அதற்கும் பின்னால் மகள், இரண்டு கையிலும் பெட்டி. சத்தம் கேட்டு எதிர்வீட்டம்மாவும் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"புதுக் குடித்தனமா? வாங்க. இவங்க ரெண்டும் உங்க பொண்ணுங்களா?"

"ஒண்ணு தங்கச்சி பொண்ணு, ஒண்ணு அவ ஃபிரெண்டு. ரெண்டும் எனக்குப் பொண்ணுங்கதான்" என்று பெரியம்மா சிரித்தாள். பெரியம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, யாரும் சொல்லவில்லை. நெட்டை குனிந்து செருப்பு வாரை அவிழ்த்தாள், அவிழ்த்துக்கொண்டே இருந்தாள்.

வாசற்படியில் மண்டியிட்டிருந்த காலிவீட்டக்கா மகளைப் பார்த்தாள். மூன்று நாளைக்கு முன் தன் கை எப்படி வழுக்கிப் போய் அந்த வால்வைத் திருகியதோ, அதுபோல இவள் நாக்கும் ஒரு முறை வழுக்காதா என்று ஒரு சின்ன ஆசை. பத்தொன்பது வருஷப் பழக்கம் அல்லவா அந்த வார்த்தை. தடுக்கி விழுந்தால் வருகிற வார்த்தை.

மகள் ஈரத்தைத் தாண்டாமல் நின்றாள். "முடிஞ்சுதா அக்கா? உள்ள வரலாமா?"

வழுக்கவில்லை. சுத்தமாக வந்தது, எழுதிவைத்துப் படித்த மாதிரி.

"வாங்க பாப்பா. உள்ள காஞ்சிடுச்சு." பாப்பா என்று யாரையும் கூப்பிடலாம். அந்த ஒரு சலுகை அவளுக்கு இருந்தது. "தண்ணி நின்னுட்டா பயப்படாதீங்க. பின்னாடி அலமாரிக்கு அடியில வால்வு இருக்கு. இடப்பக்கம் ஒண்ணரைச் சுத்து."

"சரிக்கா."

"நல்ல ஆளா இருக்காளே" என்றாள் பெரியம்மா. "வாராவாரம் வரச்சொல்லலாமே." எதிர்வீட்டம்மா, "இவ நல்லாத்தான் துடைப்பா. ஆனா முன்படியில இறங்கினா மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சாவியை மகளிடம் நீட்டினாள். கை ஈரமாக இருந்தது. மகள் ஒரு பெட்டியைக் கீழே வைத்து, வளையத்தைப் பிடித்து வாங்கிக்கொண்டாள், விரல் படவில்லை. எல்லோரும் உள்ளே போனார்கள். ஆறு காலடியும் துடைத்த தரையில் பதிந்தன. கதவு சாத்திக்கொண்டது. எப்போதும் அவள் சாத்துகிற கதவு. அன்றைக்கு உள்ளிருந்து சாத்தினார்கள்.

பின்படியில் இறங்கித் தெருவைக் கடந்து பஸ் நிறுத்தத்தில் உட்காரும்போது போன் அடித்தது. மகள். காலிவீட்டக்கா கையைத் துடைத்துக்கொண்டு அவசரமாக எடுத்தாள்.

"அம்மா." ரகசியக் குரல். குளியலறைக்குள் நின்று பேசுகிறாள் போலிருக்கிறது, எதிரொலித்தது. அந்த வார்த்தைக்காகத்தான் காலையிலிருந்து காது காத்துக் கிடந்தது. "அம்மா, சுடுதண்ணி வரமாட்டேங்குது. எந்த சுவிட்சு?"

"வெளியில இருக்கும்மா. கதவுக்கு வலப்பக்கம், மேல, சிவப்பா ஒண்ணு. அதைப் போட்டுட்டுக் கால்மணி நேரம் விட்டுத் திற."

"ம்." உள்ளே யாரோ மகளைக் கூப்பிட்டார்கள். "வைக்கிறேன்."

பஸ் வந்தது. வாளியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காலையில் பாதியில் நின்றுபோன ஜெபம் நினைவுக்கு வந்தது. "கடவுளே, இங்க வரப்போறவங்களுக்கு நோய்நொடி குடுக்காதே" என்று தொடங்கி, இந்தத் தடவை முழுவதும் சொல்லி முடித்தாள். யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்லி முடித்தாள். அப்படிச் சொன்னால்தான் வந்தது.